உங்களுக்குத் தேவை மேனேஜர் வேலையா, ‘மேனேஜர்’ என்ற பெயரா? - போனில் தேடும் முன் இதைப் படிங்க!

உங்கள் போனில் இருக்கும் ஏதாவது ஒரு வேலை தேடும் ஆப்பைத் திறந்து ‘மேனேஜர்’ என்று டைப் செய்து பாருங்கள். பேங்க்கில் ரிலேஷன்ஷிப் மேனேஜர், ரெஸ்டாரன்ட்டில் ஷிஃப்ட் மேனேஜர், ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர், ஸ்டார்ட்-அப்பில் புராடக்ட் மேனேஜர், அபார்ட்மென்ட்டில் ஃபெசிலிட்டி மேனேஜர்... ஸ்க்ரோல் செய்யச் செய்ய வந்துகொண்டே இருக்கும். நடுவில், ‘அனுபவம் தேவையில்லை, ஆறே மாதத்தில் பிராஞ்ச் மேனேஜர்’ என்று ஆசை காட்டும் விளம்பரங்களும் எட்டிப்பார்க்கும்.

அதே போனில் நியூஸ் பக்கம் போனால் கதை வேறு. ‘எங்களுக்கு மேனேஜர்கள் அதிகமாகிவிட்டார்கள், குறைக்கப்போகிறோம்’ என்று உலகின் பெரிய கம்பெனிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பக்கம் எங்கு பார்த்தாலும் மேனேஜர் வேலை. இன்னொரு பக்கம் மேனேஜர்களுக்கே வேலை இல்லை. இதில் எதை நம்பி எம்.பி.ஏ-வுக்குக் கடன் வாங்குவது? டீம் லீட் புரமோஷனுக்கு எதை நம்பித் தலையாட்டுவது?

இரண்டுமே உண்மைதான். குழப்பத்துக்குக் காரணம், ஒரே வார்த்தைக்குள் நூறு வேலைகள் ஒளிந்திருப்பது. எனவே, வேலையின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார் என்று தேட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கத்தரி விழும் இடம்

2023-ம் ஆண்டை ‘செயல்திறன் ஆண்டு’ என்று அறிவித்தார் மெட்டாவின் மார்க் சக்கர்பெர்க். அந்த மார்ச் மாதம் சுமார் 10,000 பேரை அனுப்பப்போவதாகச் சொன்னபோது, நடுவில் இருக்கும் மேனேஜர் அடுக்குகளையும் நீக்கப்போவதாகச் சொன்னார். பல மேனேஜர்களிடம், ‘மறுபடியும் கோடிங், டிசைன் என்று நேரடி வேலைக்குத் திரும்புங்கள்’ என்று கேட்கப்பட்டது.

2024 செப்டம்பரில் அமேசான் சி.இ.ஓ ஆண்டி ஜாஸி ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாரம் ஐந்து நாள் ஆபீஸுக்கு வர வேண்டும் என்ற அறிவிப்புதான் அதில் பேசுபொருளானது. அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. மேனேஜர்களோடு ஒப்பிடும்போது நேரடியாக வேலை செய்பவர்களின் விகிதத்தை, ஒவ்வொரு பிரிவும் 2025 மார்ச்சுக்குள் குறைந்தது 15% உயர்த்த வேண்டும்!

2025 ஆகஸ்ட்டில் கூகுளிலிருந்து வந்த செய்தி: சின்னச் சின்ன டீம்களை வைத்திருந்த மேனேஜர்களின் எண்ணிக்கையை, ஒரே வருடத்தில் 35% குறைத்திருக்கிறார்கள்.

‘இதெல்லாம் அமெரிக்கா கதை’ என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களை அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிதும் பாதிக்கப்படுபவர்கள் நடுநிலை, மூத்த நிலை ஊழியர்கள் என்றும் அந்த நிறுவனமே சொன்னது. சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் ஹவுஸிங் லோன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் நம்பர் கிடையாது.

எல்லா மேனேஜர்களும் தேவையில்லை என்பதா இதற்கு அர்த்தம்? கவனித்துப் பாருங்கள். கீழே இருப்பவரிடம் ஸ்டேட்டஸ் கேட்டு, அதை எக்ஸெல்லில் போட்டு, மேலே இருப்பவருக்கு அனுப்புவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த அடுக்குதான் முதலில் கத்தரியில் மாட்டுகிறது. கொரோனா காலத்தில் டெக் கம்பெனிகள் ஆட்களை அள்ளி எடுத்தபோது இந்த அடுக்குகளும் சேர்ந்தே வளர்ந்தன. இப்போது ரிப்போர்ட் தயாரிப்பது, மீட்டிங் சுருக்கம் எழுதுவது போன்றவற்றை மென்பொருளே செய்துவிடுகிறது. அதை மட்டுமே நம்பியிருந்தவரின் நாற்காலி ஆடுகிறது.

மேனேஜர் இல்லாமலே ஓட்டிப் பார்த்த கூகுள்

மேனேஜரே இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்லும் ஒரு பழைய சம்பவம் கூகுளிலேயே இருக்கிறது. 2002-ல் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் இன்ஜினீயரிங் பிரிவில் மேனேஜர் பதவிகளையே தூக்கிவிட்டார்கள். கல்லூரி மாதிரி எல்லோரும் சமம் என்பது ஐடியா. சில மாதங்கள்தான் தாங்கியது. செலவு பில்லில் கையெழுத்து வாங்குவது முதல் இரண்டு பேருக்கு இடையிலான சண்டை வரை எல்லாமே லாரி பேஜின் மேஜைக்கே வர ஆரம்பித்துவிட்டன. மேனேஜர்கள் திரும்பி வந்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, ‘நல்ல மேனேஜர் என்பவர் யார்?’ என்பதைக் கண்டுபிடிக்க, ‘புராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்ற பெயரில் தங்கள் ஊழியர் தரவுகளையே கூகுள் அலசியது. எட்டு குணங்கள் கிடைத்தன. வழிகாட்டுவது, தொட்டதற்கெல்லாம் தலையிடாமல் வேலையை நம்பி ஒப்படைப்பது, டீமில் இருப்பவரின் நலனில் அக்கறை காட்டுவது, காதுகொடுத்துக் கேட்பது என்று போகிறது அந்தப் பட்டியல். ‘தொழில்நுட்ப அறிவு’ எத்தனையாவது இடத்தில் இருந்தது தெரியுமா? எட்டாவது! இன்ஜினீயர்களால் நிரம்பிய கம்பெனியிலேயே இதுதான் நிலைமை.

ஆக, கம்பெனிகள் வெட்டுவது நாற்காலிகளை. ஆட்களை வழிநடத்தத் தெரிந்தவரின் தேவை அப்படியேதான் இருக்கிறது.

‘எனக்கு வேணாம் ப்ரோ’ தலைமுறை

இன்னொரு பக்கம், அந்த நாற்காலியே வேண்டாம் என்கிற குரலும் கேட்கிறது. ராபர்ட் வால்டர்ஸ் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் 2024-ல் பிரிட்டனில் ஒரு சர்வே எடுத்தது. அதில் ஜென் ஸீ பணியாளர்களில் 52% பேர், நடுநிலை மேனேஜர் ஆவதில் விருப்பமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ‘டென்ஷன் அதிகம், பலன் குறைவு’ என்பது 69% பேரின் கருத்து. இந்த மனநிலைக்கு ‘கான்ஷியஸ் அன்பாஸிங்’ என்று ஒரு பெயரும் வந்துவிட்டது.

நம் ஊரில் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமா, “என்ன தம்பி, நாலு வருஷம் ஆச்சே... இன்னும் மேனேஜர் ஆகலையா?” என்றுதான் பேச்சையே தொடங்குவார். வரன் பார்க்கும் பயோடேட்டாவில் ‘சீனியர் டெவலப்பர்’ என்பதைவிட ‘மேனேஜர்’ என்பதற்கு மதிப்பு அதிகம். பல கம்பெனிகளில் ஒரு கட்டத்துக்கு மேல் சம்பளம் உயர வேண்டுமென்றால் ஆட்களை மேய்க்கத்தான் வேண்டும். மேனேஜர் ஆகாமலேயே சம்பளத்தில் வளரும் தனிப்பாதை, அதாவது ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினீயர் போன்ற பதவிகள் எல்லா இடத்திலும் இல்லை.

அதனால், ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டில் எதைச் சொன்னாலும் தெரிந்து சொல்வது முக்கியம். பிரிட்டனின் சி.எம்.ஐ என்ற மேலாண்மை அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மேனேஜர் பதவிக்கு வந்தவர்களில் 82% பேர் அதற்கான முறையான பயிற்சி எதுவும் இல்லாமல் வந்தவர்கள் என்று தெரியவந்தது. இவர்களுக்கு அந்த ஆய்வு வைத்த பெயர், ‘தற்செயல் மேனேஜர்கள்’. நல்லா வேலை பார்த்தார், மேலே தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வேலையில் திறமை காட்டியவரை அதற்காகவே உயர்த்திக்கொண்டே போனால், கடைசியில் தனக்கு வராத வேலையில் போய் நிற்பார் என்று 1969-லேயே லாரன்ஸ் பீட்டர் எழுதினார். ‘பீட்டர் விதி’ என்று கிண்டலாகச் சொல்லப்பட்டது அது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிகளின் தரவுகளைக்கொண்டு இதைச் சோதித்தது. நிறைய விற்றவருக்கே புரமோஷன் கிடைத்தது. ஆனால், அப்படி நிறைய விற்றவர்கள் மேனேஜராக ஆனபிறகு, அவர்களின் டீம் சறுக்கியது.

பெயர் மட்டும் மாறினால் என்ன நஷ்டம்?

“பேர்ல என்ன இருக்கு? மேனேஜர்னு போட்டா கெத்துதானே?” என்று தோன்றலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் ‘தொழிலாளி’ யார் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. நிர்வாக, மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர் அதில் வர மாட்டார். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும் வர மாட்டார். ஆட்குறைப்பு நேரத்தில் கிடைக்க வேண்டிய நோட்டீஸ், இழப்பீடு, தொழிற்தகராறு எழுப்பும் உரிமை எல்லாம் ‘தொழிலாளி’ என்ற அந்தச் சொல்லோடு கட்டப்பட்டவை. இதற்கு முன்பிருந்த 1947-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பிரிவினை உண்டு. அங்கே சூப்பர்வைசருக்கான வரம்பு 10,000 ரூபாய்.

ஆறுதலான விஷயம், விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைவிட, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் பார்த்திருக்கின்றன. ஆனால், அதை நிரூபிக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும். யாரையும் நிர்வகிக்காத ‘மேனேஜர்’ பதவி உங்களுக்கு வந்தால், பொறுப்புகள் என்னென்ன என்பதை மெயிலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘ஆறே மாதத்தில் பிராஞ்ச் மேனேஜர்’ விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? சேர்ந்த பிறகு வீடு வீடாகப் பொருள் விற்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்துவிட்டால்தான் ‘புரமோஷன்’ என்பார்கள். டிரெய்னிங், யூனிஃபார்ம், டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே கிடையாது. ஆன்லைனில் பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணுக்கு அழையுங்கள்.

மேனேஜர் அப்படி என்னதான் செய்கிறார்?

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம். அங்கே ஒரு ஃப்ளோர் மேனேஜரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் இரண்டு பேர் லீவு. இருக்கும் ஆட்களை மாற்றி நிறுத்த வேண்டும். பட்டு செக்‌ஷனில் ஒரு கஸ்டமர், ஏற்கெனவே வாங்கிய புடவையை மாற்றித்தரச் சொல்லிச் சத்தம் போடுகிறார். குடோனிலிருந்து ஸ்டாக் வரவில்லை. முதலாளி போனில், “நேத்து சேல்ஸ் ஏன் குறைஞ்சது?” என்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் கால்வலி தாங்காமல் ஓரமாக நின்று அழுகிறார். இவை எல்லாம் பதினோரு மணிக்குள்!

மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஏசி ரூமில் அமைதியாக உட்கார்ந்து திட்டம் போடுபவர்தான் மேலாளர் என்ற படத்தை அது உடைத்தது. அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. அவ்வளவு குறுக்கீடுகள். மேலாளரின் வேலையை அவர் பத்துப் பாத்திரங்களாகப் பிரித்து, மூன்று கூடைகளில் போட்டார். மனிதர்களோடு பழகுவது, தகவலைக் கடத்துவது, முடிவெடுப்பது.

அந்த ஃப்ளோர் மேனேஜரைத் திரும்பப் பாருங்கள். அழும் பெண்ணிடம் பேசுவது முதல் கூடை. நேற்றைய சேல்ஸ் விவரத்தை முதலாளிக்குச் சொல்வது இரண்டாவது. புடவையை மாற்றித்தரலாமா, கூடாதா என்பது மூன்றாவது. கடந்த சில ஆண்டுகளில் டெக் கம்பெனிகளில் அடிவாங்கியது, பெரும்பாலும் இரண்டாவது கூடையை மட்டும் சுமந்தவர்கள்தான்.

இதற்கு முன்பே, 1955-ல் ராபர்ட் காட்ஸ் என்பவர் திறன்களை மூன்றாகப் பிரித்திருந்தார்: தொழில் திறன், மனிதர்களைக் கையாளும் திறன், முழுப் படத்தையும் பார்க்கும் திறன். பதவி உயர உயர முதலாவதின் தேவை குறையும், மூன்றாவதின் தேவை கூடும். மனிதர்களைக் கையாளும் திறன் மட்டும் எல்லாப் படிகளிலும் தேவை.

இப்போது உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடும் வாழ்க்கை உங்களுக்கு எரிச்சலா, உற்சாகமா? ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஒரே வேலையில் மூழ்குவதுதான் உங்களுக்கு சந்தோஷம் என்றால், அதில் தப்பே இல்லை. அதற்கேற்ற பாதையைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு போன், ஒரு நோட்டு

சரி, தேடலுக்கு வருவோம். இதற்கு எந்த கோர்ஸும் வாங்க வேண்டாம்.

1. விளம்பரத்தில் வினைச்சொற்களைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பதவிக்கான பத்து விளம்பரங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பெயரை மறந்துவிட்டு, என்ன ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லியிருப்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ‘டார்கெட் முடிக்க வேண்டும்’, ‘புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவர வேண்டும்’ என்பவையே திரும்பத் திரும்ப வந்தால் அது சேல்ஸ் வேலை. ‘எட்டுப் பேர் கொண்ட டீமின் ஷிஃப்ட், லீவு, மதிப்பீடு’ என்று வந்தால் அது ஆட்களை நிர்வகிக்கும் வேலை. ‘காலக்கெடு, பட்ஜெட், கிளையன்ட் மீட்டிங்’ என்றால் புராஜெக்ட். ‘எந்த வசதியை முதலில் உருவாக்குவது என்று முடிவெடுக்க வேண்டும்’ என்றால் புராடக்ட். புராடக்ட் மேனேஜருக்குக் கீழே பெரும்பாலும் ஒருவர்கூட நேரடியாக ரிப்போர்ட் செய்ய மாட்டார். அதிகாரம் இல்லாமல் பேசியே வேலை வாங்க வேண்டும்.

2. வேலையின் உள்ளே எட்டிப்பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை ‘ஓ-நெட்’ என்று ஓர் இலவசத் தளம் வைத்திருக்கிறது. 900-க்கும் மேற்பட்ட தொழில்களைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். ஒரு வேலையைத் தட்டினால், அன்றாடப் பணிகள், தேவையான திறன்கள் எல்லாம் வரும். நீங்கள் நேராகப் போக வேண்டியது ‘வேலைச் சூழல்’ பகுதிக்கு. கோபமான மனிதர்களோடு எவ்வளவு அடிக்கடி மோத வேண்டும், காலக்கெடுவின் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இருக்கும். விளம்பரங்கள் சொல்லாத விஷயங்கள் இவை. உங்கள் ஆர்வம் எந்தப் பக்கம் என்று காட்டும் இலவச வினாப்பட்டியலும் உண்டு. சம்பள விவரங்கள் அமெரிக்காவுக்கானவை, அதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் மத்திய அரசின் நேஷனல் கரியர் சர்வீஸ் தளம் 2015-லிருந்து இயங்குகிறது. அங்கே பதிவு செய்யக் கட்டணம் கிடையாது.

3. பின்னோக்கிப் படியுங்கள். லிங்க்டு-இன்னில், நீங்கள் ஆசைப்படும் பதவியில் இப்போது இருக்கும் பத்துப் பேரின் புரொஃபைலைக் கீழிருந்து மேலே படியுங்கள். முதல் வேலை என்ன, எத்தனை வருடத்தில் மாறினார்கள், எம்.பி.ஏ படித்திருக்கிறார்களா? பத்தில் எட்டுப் பேர் எம்.பி.ஏ இல்லாமலே வந்திருந்தால், 20 லட்சம் கடனைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அவர்களில் இரண்டு பேருக்கு மரியாதையாக மெசேஜ் அனுப்புங்கள். ‘வேலை வாங்கித் தாங்க’ என்று கேட்காதீர்கள். ‘போன செவ்வாய்க்கிழமை உங்கள் நாள் எப்படிப் போச்சு?’ என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றிக் கேட்டால், அட்வைஸ் வராது, நடந்தது வரும்.

4. கம்பெனியின் ஜாதகத்தைப் பாருங்கள். மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால், எப்போது பதிவானது, முகவரி என்ன, நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். இ.பி.எஃப்.ஓ தளத்தின் ‘நிறுவனத் தேடல்’ பகுதியில், மாதா மாதம் எத்தனை பேருக்கு பி.எஃப் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ‘500 பேர் வேலை செய்யும் கம்பெனி’ என்று பெருமையடித்தவர்கள் 14 பேருக்குத்தான் பி.எஃப் கட்டுகிறார்கள் என்றால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

பங்குச்சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனி என்றால் இன்னும் வசதி. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் கம்பெனிகள், செபி விதிப்படி ‘பி.ஆர்.எஸ்.ஆர்’ என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு வருடத்தில் எத்தனை சதவிகித ஊழியர்கள் வெளியேறினார்கள், எத்தனை பேருக்குத் திறன் பயிற்சி கொடுத்தார்கள், நடுமதிப்புச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் ஆண், பெண் வாரியாக அதில் இருக்கும். பெண்கள் மட்டும் அதிகமாக விட்டுப்போகும் கம்பெனியா என்பதும் தெரிந்துவிடும்.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் விமர்சனங்களையும் படியுங்கள், ஸ்டாரைப் பார்க்காமல். நீங்கள் போகும் ஊர், நீங்கள் போகும் துறை, கடந்த ஒரு வருடம் என்று வடிகட்டிப் படியுங்கள். ஒரே குறையை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதங்களில் சொல்லியிருந்தால், அதை நம்பலாம். ஒரே வாரத்தில் பத்து ஐந்து-ஸ்டார் விழுந்திருந்தால், யார் போட்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

5. எம்.பி.ஏ என்றால் ‘ஆவரேஜ்’ வேண்டாம். முன்னணி ஐ.ஐ.எம்-களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு கட்டும் சின்னக் கல்லூரியாக இருந்தாலும் கடன் கடன்தான். பேனரில் போடும் ‘அதிகபட்ச சம்பளம்’, ‘சராசரி சம்பளம்’ இரண்டையும் ஒதுக்குங்கள். ஒருவருக்கு 50 லட்சமும் ஒன்பது பேருக்குத் தலா 4 லட்சமும் கிடைத்தால், சராசரி 8.6 லட்சம் என்று வரும். ஆனால், அந்த 8.6 லட்சம் யாருக்குமே கிடைத்திருக்காது. என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்காகக் கல்லூரிகள் மத்திய அரசுக்குக் கொடுக்கும் தகவலில், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுமதிப்புச் சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக இருக்கும். இதைக் கல்லூரியின் வெப்சைட்டிலேயே தேடிப் பாருங்கள். வாசலில் இருக்கும் பேனரோடு ஒப்பிட்டால், சில கல்லூரிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்பினால், ஸ்வயம், என்.பி.டி.இ.எல் தளங்களில் மேலாண்மைப் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைப்பதே ஐ.ஐ.எம் பெங்களூருதான். நான்கு வாரம் ஒரு பாடத்தைப் பொறுமையாகப் பார்க்க முடியவில்லை என்றால், இரண்டு வருடப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் ஒருமுறை யோசிக்க அது நல்ல காரணம்.

6. ஏ.ஐ-யிடம் தீர்ப்பு கேட்காதீர்கள். ‘எனக்கு எந்த வேலை செட் ஆகும்?’ என்று சாட்பாட்டிடம் கேட்டால், உங்களைக் குளிர்விக்கும் ஒரு பதில் வரும். அதற்குப் பதிலாக, ‘இந்த வேலையில் இருப்பவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள்?’, ‘இந்த இன்டர்வியூவில் நான் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?’ என்று கேளுங்கள். அது சொல்லும் சம்பள எண்ணையும் சதவிகிதத்தையும் மேலே சொன்ன தளங்களில் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதவிக்கு முன்பே ஒரு ட்ரையல்

போனில் எவ்வளவு தேடினாலும், மனிதர்களோடு உட்கார்ந்து வேலை வாங்கும்போது வரும் வயிற்றுக்கலக்கத்தை ஸ்க்ரீன் காட்டாது. அதை இப்போது இருக்கும் இடத்திலேயே பழகிப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு மாதம் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆபீஸ் விழாவை நடத்தும் வேலையை எடுங்கள். கல்லூரியில் இருப்பவர் என்றால், சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிப்பதிலிருந்து சாப்பாட்டு டோக்கன் சண்டை வரை ஒருமுறை முழுதாக நின்று பாருங்கள். நண்பன் ஒருவன் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டபோது, அவனிடம் நேராகப் பேசினீர்களா, இல்லை, ‘சரி விடு’ என்று நீங்களே செய்து முடித்தீர்களா? பதில், எந்த ஆன்லைன் டெஸ்ட்டைவிடவும் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். இரண்டாவது ரகம் என்றாலும் கவலை வேண்டாம். பழகினால் வரக்கூடியதுதான் அது. ஆனால், பழக வேண்டியது அதைத்தான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாளைக்கே உங்கள் பாஸ் கூப்பிட்டு, “உங்களை மேனேஜரா போடலாம்னு இருக்கோம்” என்று சொன்னால், சந்தோஷமாக நன்றி சொல்லுங்கள். கூடவே இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

என் கீழே நேரடியாக எத்தனை பேர் இருப்பார்கள்?

அவர்களின் லீவு, இன்க்ரிமென்ட், வேலைக்கு எடுப்பது... இவற்றில் முடிவு என்னுடையதா, வேறொருவர் எடுத்த முடிவை நான் சொல்ல மட்டும் வேண்டுமா?

இப்போது நான் செய்யும் வேலையில் எதை யாரிடம் ஒப்படைக்கப்போகிறேன்?

முதல் ஆறு மாதத்துக்கு எனக்கு என்ன பயிற்சி, யார் வழிகாட்டுவார்?

இது எனக்கு ஒத்துவரவில்லை என்றால், சம்பளம் குறையாமல் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு, “அதையும் நீங்களே பார்த்துக்கோங்க” என்று பதில் வந்தால், கிடைத்திருப்பது இரண்டாவது வேலை, ஒரே சம்பளத்தில். ஐந்துக்கும் தெளிவாகப் பதில் வந்தால், தைரியமாக ஓகே சொல்லுங்கள். நேரில் கேட்ட பதில்களை அன்று மாலையே, ‘இன்று பேசியது இதுதானே சார்?’ என்று ஒரு மெயிலாக அனுப்பிவைத்துவிடுங்கள். மேனேஜராக நீங்கள் செய்யும் முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்!